கொட்டேஷனில் மாடல் எண் எங்கே?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலோ, ஏதேனும் ஒரு மாவட்டத் தலைநகரின் கணினிக் கடையிலோ புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய விலை கேட்டால், கையில் கிடைக்கும் கொட்டேஷன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஐ5 பிராசசர், எச்610 போர்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினெட். பக்கத்தில் விலை, கீழே மொத்தம். வாங்குபவர் மூன்று கடைகளில் இதே மாதிரிச் சீட்டை வாங்கி, மொத்தத் தொகை எங்கே குறைவோ அங்கே முன்பணம் கட்டுகிறார். உண்மையில் அவர் ஒப்பிட்டது மூன்று வெவ்வேறு கணினிகளை. அந்தச் சீட்டின் ஒரு வரிகூட ஒரு குறிப்பிட்ட பொருளைச் சுட்டவில்லை. மருத்துவர் ‘காய்ச்சல் மாத்திரை, பத்து’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டோடு மருந்துக் கடைக்குப் போவோமா? பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா, பொருந்தினாலும் ஐந்து ஆண்டுகள் தாங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்குமே விடை மாடல் எண்ணில்தான் இருக்கிறது. ஆகவே, ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளரின் பெயரும் முழு மாடல் எண்ணும் எழுதப்படாத கொட்டேஷனுக்கு யாரும் பணம் கட்டக் கூடாது என்கிறேன். கணினிப் பிரியர்களின் நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிள்ளையின் படிப்புக்காகச் சேமிப்பிலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுக்கும் பெற்றோருக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது.

பிராசசரிலிருந்தே தொடங்கலாம். இன்டெல்லின் ஐ5 என்ற பெயர் 2009-இல் வந்தது. அன்று முதல் 14-ஆம் தலைமுறை வரை, வழக்கமான டெஸ்க்டாப் ஐ5 பிராசசர்கள் மட்டுமே எல்ஜிஏ 1156, 1155, 1150, 1151, 1200, 1700 என ஆறு சாக்கெட்டுகளைக் கண்டுவிட்டன. ஒன்றுக்கு உரியது இன்னொன்றில் வேலை செய்யாது. இவற்றில் 1151-இன் கதை தனி. 2015-இல் 6-ஆம் தலைமுறையோடு வந்த அந்த சாக்கெட்டையே 2017 அக்டோபரில் 8-ஆம் தலைமுறையும் எடுத்துக்கொண்டது. தொடுமுனைகளின் எண்ணிக்கை மாறவில்லை. புதிய பிராசசர் பழைய போர்டில் ஒழுங்காக உட்காரவும் செய்யும். ஆனால் எந்த முனை எதற்கு என்ற ஒதுக்கீடு மாறியிருந்தது. 100, 200 வரிசை போர்டுகளை இன்டெல் ஆதரிக்கவில்லை. 300 வரிசை போர்டு வேண்டும் என்றது. சாக்கெட் எண்ணைச் சரிபார்த்து வாங்கியவரே ஏமாந்த இடம் இது. வெறும் ‘ஐ5’ என்பதை நம்பி வாங்குபவரின் நிலை இன்னும் பரிதாபம். 2011-இல் வந்த எச்61 சிப்செட் போட்ட போர்டுகள் இன்றும் பளபளப்பான புதுப் பெட்டியில் கிடைக்கின்றன. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளிலிருந்து எடுத்த 2-ஆம், 3-ஆம் தலைமுறை பிராசசர்களை அவற்றில் பொருத்தி ‘ஐ5 சிஸ்டம்’, ‘ஐ7 சிஸ்டம்’ என்று விற்கிறார்கள். பெயரில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11 கேட்பது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசசரையும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கொட்டேஷனில் ‘ஐ5-3470’ என்று எழுதியிருந்தால், அது 2012-இல் வந்தது என்பதைக் கைபேசியில் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டுவிடலாம். கடைசி எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. ஐ5-12400-இல் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு, ஐ5-12400எஃப்-இல் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காதவர் விலை குறைவு என்று எஃப்-ஐ எடுத்தால் கணினி ஓடும், மானிட்டரில் டிஸ்ப்ளே வராது.

போர்டுக்கு வருவோம். எச்610 என்பது போர்டின் பெயரே அல்ல. அதில் உள்ள சிப்செட்டின் பெயர். அந்த ஒரு சிப்செட்டை வைத்துப் பல நிறுவனங்கள் பல போர்டுகள் செய்கின்றன. சிலவற்றில் டிடிஆர்4 ரேம் போடலாம், சிலவற்றில் டிடிஆர்5 மட்டும். இரண்டு ரேமுக்கும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் இடத்தில் இறங்காது. எனவே ‘எச்610 போர்டு, 16 ஜிபி ரேம்’ என்று எழுதிய சீட்டு, பொருத்தம் பற்றிய மிக அடிப்படையான கேள்விக்கே பதில் சொல்லாத சீட்டு. ஏஎம்டி பக்கம் சிக்கல் வேறு விதமானது. ஏஎம்4 சாக்கெட்டில் 2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தது. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யும் அதே சாக்கெட்தான். வாங்குபவருக்கு இது பெரிய நன்மை. ஆனால் சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் புதிய பிராசசரை அறிந்திருக்க வேண்டும். 2018-இல் கிராபிக்ஸ் உள்ளடங்கிய ரைசன் 2000 பிராசசர்கள் வந்தபோது, கடைகளில் இருந்த பழைய பயாஸ் போர்டுகளில் அவை உயிர்பெறவில்லை. பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் கணினி ஓட வேண்டும். கணினி ஓட வேண்டுமென்றால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஏஎம்டி நிறுவனமே ஒரு பழைய பிராசசரைத் தற்காலிகக் கடனாக வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவைத்தது. பிறகு சில போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு போதாமல், புதிய பிராசசர்களைச் சேர்க்கும்போது பழையவற்றின் ஆதரவை நீக்க வேண்டியும் வந்தது. எந்த போர்டு, எந்தப் பதிப்பு பயாஸிலிருந்து எந்த பிராசசரை ஏற்கும் என்ற பட்டியல் தயாரிப்பாளரின் தளத்தில் போர்டின் மாடல் வாரியாக இருக்கிறது. மாடல் தெரியாதவருக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே வழியில்லை.

உள்ளே இறங்கிவிடுவதாலேயே ஒரு பாகம் பொருந்திவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதற்கு இன்னும் சில சான்றுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். எம்.2 எஸ்எஸ்டி-களில் சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் ஏறக்குறைய ஒரே தோற்றம். பல போர்டுகளின் எம்.2 இடங்கள் என்விஎம்இ-யை மட்டுமே ஏற்கும். 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, போர்டோடு பேச நான்கே தடங்களைப் பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 போர்டில் அது சமாளிக்கும். பட்ஜெட் வாங்குநர்கள் அதிகம் எடுக்கும் பிசிஐஇ 3.0 போர்டுகளில் அந்தத் தடங்களின் வேகம் பாதியாகி, பல விளையாட்டுகளில் கார்டு தெளிவாகத் திணறியது. குறைந்த விலை கார்டு, குறைந்த விலை போர்டில்தான் அதிகம் இழந்தது. ரேமில் 16 ஜிபி என்பது ஒரே குச்சியா, இரண்டு 8 ஜிபி குச்சிகளா என்பதைப் பொறுத்து, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியின் படவேகமே மாறும். கூலரின் உயரம் கேபினெட்டின் அகலத்துக்குள் அடங்குமா, கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்கு முன்பக்க ஃபேன் இடம் கொடுக்குமா என்பவை மில்லிமீட்டர் கணக்குகள். அவையும் மாடலின் விவரப் பக்கத்தில்தான் உள்ளன.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றி. கொட்டேஷனில் மிகக் குறைவாக எழுதப்படும் வரி அதுதான். பட்ஜெட் மீறும்போது முதலில் வெட்டப்படும் வரியும் அதுதான். சில சமயம் ‘கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று கேபினெட்டின் வாலாகவே போய்விடும். ஆனால் கணினியின் எல்லாப் பாகங்களோடும் கம்பியால் நேரடியாகவோ மறைமுகமாகவோ இணைந்திருக்கும் ஒரே பாகம் அது. தான் கெடும்போது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியதும் அது. ‘450 வாட்’ என்ற எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமே 12 வோல்ட் இணைப்பிலிருந்து எடுக்கின்றன. எஸ்எம்பிஎஸ்-இன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். மீதி 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இந்தக் கணினிக்கு அதிகம் தேவைப்படாத இடங்களில் சேர்த்துக் காட்டப்பட்ட எண். 115 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும், முழு வேகத்தில் நூறு வாட்டைத் தாண்டும் ஒரு பிராசசரும் சேர்ந்தாலே அந்த ‘450 வாட்’ மூச்சு வாங்கும். பெருக்கல் கணக்குத் தெரிந்த எவரும் இதைக் கண்டுபிடித்துவிடலாம்; ஆனால் அட்டவணையைப் பார்க்க முதலில் மாடல் தெரிந்திருக்க வேண்டும்.

‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால் போதாதா என்பது நியாயமான கேள்விதான். அந்த முத்திரை, 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறனோடு மின்சாரம் மாற்றப்படுகிறது என்பதற்கான சான்று. வெண்கலம், தங்கம் என்று மேலே போகப் போக அந்தச் சதவீதம் கூடும். வீணாகும் வெப்பம் குறையும் என்பதால் அது பயனுள்ள சான்றே. ஆனால் அது சோதிப்பது திறனை மட்டும். வோல்டேஜ் எவ்வளவு சீராக இருக்கிறது, அதிகச் சுமையிலும் ஷார்ட் சர்க்யூட்டிலும் தானாக அணையுமா, பாதுகாப்புச் சுற்றுகள் சரியான அளவில் செயல்படுமா என்பவை அந்தச் சோதனையின் எல்லைக்கு வெளியே உள்ளவை. தவிர, சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி செல்சியஸில். மே மாதத்து மதுரையில், மேஜைக்கு அடியில், சுவரோடு ஒட்டி நிற்கும் கேபினெட்டுக்குள் அந்தச் சூழல் கிடையாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் பொதுக் கணக்கு. நல்ல எஸ்எம்பிஎஸ்-களில் 105 டிகிரிக்கு உரிய மின்தேக்கிகளும், மட்டமானவற்றில் 85 டிகிரிக்கு உரியவையும் இருப்பதன் பொருள் நம் ஊர் வெப்பத்தில்தான் முழுமையாகப் புரியும்.

முத்திரைக்கும் நம்பகத்துக்கும் உள்ள இடைவெளிக்கு 2021-இல் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் ஆகிய இரண்டு எஸ்எம்பிஎஸ் மாடல்களும் 80 பிளஸ் தங்க முத்திரை பெற்றவை. சுமைச் சோதனையில் அவை வெடித்து எரிந்துபோவதைத் தனிப்பட்ட விமர்சகர்கள் வெளிப்படுத்தினார்கள். அதிகச் சுமையில் அணைய வேண்டிய பாதுகாப்பு, குறித்த திறனில் 120 முதல் 150 சதவீதம் வரை காத்திருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண்களுக்குள் வாங்கியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றது. அதே நிறுவனத்தின் மற்ற மாடல்களுக்கு இந்தப் பிரச்சினை சொல்லப்படவில்லை. ஆக, தன் கணினிக்குள் இருப்பது எந்த மாடல், எந்த வரிசை எண் என்று அறிந்தவருக்கே மாற்றுப் பொருள் கிடைக்க வழி இருந்தது. பில்லில் ‘எஸ்எம்பிஎஸ் 750 வாட், 1’ என்று மட்டும் வைத்திருந்தவர், தனக்கு ஆபத்து இருக்கிறது என்பதையே அறிந்திருக்க மாட்டார்.

நம் மின்சாரத்தின் இயல்பையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விமர்சனங்களில் பெரும்பாலும் வராத விஷயம் இது. மின்சாரம் ஒரு கணம் நின்று வரும்போது, எஸ்எம்பிஎஸ் தன்னுள் சேர்த்துவைத்த ஆற்றலால் கணினியைத் தாங்க வேண்டும். இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வழிகாட்டி இதற்கு எதிர்பார்ப்பது சுமார் 16 மில்லிவினாடி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லிவினாடி. யுபிஎஸ்-ஓ இன்வெர்ட்டரோ அந்த 16 மில்லிவினாடிக்குள் பேட்டரிக்கு மாறியாக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்னால் யுபிஎஸ் முறை, சாதாரண முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண முறையில் மாறும் நேரம் அதிகம். ஃபேனும் விளக்கும் அதைப் பொருட்படுத்தாது. கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். தாங்கும் நேரத்தில் மிச்சம் பிடித்துச் செய்த எஸ்எம்பிஎஸ் யுபிஎஸ் முறையிலும் விழும். சதுர அலை இன்வெர்ட்டரோடு சில புதிய எஸ்எம்பிஎஸ்-கள் ஒத்துப்போகாததும் உண்டு. ‘கரண்ட் போய் வந்தால் கணினி ஆஃப் ஆகிறது’ என்று போர்டையும் ரேமையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், எஸ்எம்பிஎஸ்-இன் மாடலைத் தேடி, அதன் தாங்கும் நேரத்தை யாராவது அளந்து எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. ஒரு எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்-களில், எஸ்எம்பிஎஸ் பக்கத்து இணைப்புக்குப் பொதுவான தரநிர்ணயம் கிடையாது. ஒரு மாடலின் கேபிள் இன்னொன்றில் கச்சிதமாக நுழையும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்ட் டிஸ்க்கை ஒரே நொடியில் எரித்துவிடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கிடையேகூட இது நடக்கும்.

‘நல்ல கம்பெனி பொருளாகக் கேட்டு வாங்கினால் போதும், மாடல் வரைக்கும் போக வேண்டுமா’ என்பவர்கள் பலர். கம்பெனியின் பெயர் நம்பகத்தின் தொடக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. தரவுச் சேமிப்பு நிறுவனமான பேக்பிளேஸ், தன்னிடம் ஓடும் ஹார்ட் டிஸ்க்குகளின் பழுது விகிதத்தைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுவருகிறது. சீகேட் நிறுவனத்தின் ஒரு 3 டிபி மாடல் அங்கே மிக மோசமாகப் பழுதானது. அதே சீகேட்டின் 4 டிபி மாடலின் பழுது விகிதம் அதைவிடப் பல மடங்கு குறைவு. வீட்டுக் கணினியின் பயன்பாடு வேறு என்றாலும், ஒரே பெயரின் கீழ் இரண்டு மாடல்களுக்கிடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பது அதில் தெரிகிறது. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘ரெட்’ டிஸ்க்குகள் சிலவற்றில், தொடர்ந்து எழுதும்போது வேகம் சரியும் எஸ்எம்ஆர் முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது வெளியே வந்தது. 4 டிபி-யில் பழைய முறை டிஸ்க்கின் மாடல் எண் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடியும். புதியது இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும். பெட்டியின் நிறமும் பெயரும் கொள்ளளவும் ஒன்று. ஓர் எழுத்துதான் வேறுபாடு. இன்டெல்லைவிடப் பெரிய பெயர் இந்தத் துறையில் அரிது. அதன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில், அளவுக்கு மீறிய வோல்டேஜ் பாய்ந்து நிலைகுலைவு ஏற்படுவதை 2024 ஜூலையில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. அது பயாஸ் புதுப்பிப்பாக வந்து சேர வேண்டியிருந்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசசரை அந்தத் திருத்தம் மீட்காது என்பதால், வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். நீட்டிப்பு எல்லா பிராசசருக்கும் அல்ல. பட்டியலில் உள்ள மாடல்களுக்கு.

மாடல் எண்ணே ஏமாற்றினால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த எதிர்வாதங்களில் வலுவானது இது, நடந்தும் இருக்கிறது. 2021-இல் குரூஷியல் பி2 எஸ்எஸ்டி, பெயரும் மாடலும் மாறாமலேயே, டிஎல்சி நினைவகத்திலிருந்து வேகமும் ஆயுளும் குறைந்த கியூஎல்சி-க்கு மாறியது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550-இலும் உள்ளே நினைவகம் மாறி, பெரிய கோப்புகளை எழுதும் வேகம் சரிந்தது. ஆனால் அவை எப்படிப் பிடிபட்டன என்று பாருங்கள். ஒரே எண்ணின் கீழ் முன்பு வந்ததையும் பின்பு வந்ததையும் அருகருகே வைத்து அளந்தவர்களால்தான். எண் என்று ஒன்று இருந்ததால்தான் ‘இது நீங்கள் விற்றதாகச் சொன்ன பொருள் அல்ல’ என்று கேட்க முடிந்தது. இனி இப்படி மாற்றினால் புதிய மாடல் எண் தருவோம் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் சொல்ல வேண்டியும் வந்தது. மாடல் எண் முழுப் பாதுகாப்பு தராது. ஆனால் ‘512 ஜிபி எஸ்எஸ்டி’ என்று எழுதி வாங்கியவருக்குக் குறை சொல்லவே ஆதாரம் இல்லை. அவருக்கு ஏதோ ஒரு 512 ஜிபி எஸ்எஸ்டி கொடுக்கப்பட்டுவிட்டது.

பிராண்டட் கணினி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை என்பார்கள். வீட்டுக்கே வரும் சர்வீஸ், ஒரே வாரண்டி என்பவை உண்மையான வசதிகள். கணினியைத் திறக்கவே விரும்பாதவர்களுக்கு அது நல்ல வழியும்கூட. ஆனால் பிராண்ட் என்பதாலேயே பாகங்கள் தரமானவை என்று கொள்ள முடியாது. மோசமான மின்தேக்கிகளால் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகள் பழுதானதற்காக டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. தவிர, பெரிய நிறுவனங்களின் டெஸ்க்டாப்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்-இன் வடிவமும் இணைப்புகளும் போர்டும் அவர்களுக்கே உரியவை. வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால், பக்கத்துக் கடையில் கிடைப்பது அதில் பொருந்தாது. 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் அளவுகளைப் பின்பற்றும் அசெம்பிள்ட் கணினியின் மிகப் பெரிய பலமே, எந்தப் பாகத்தையும் எந்தக் கடையிலும் மாற்றலாம் என்பதுதான். என்ன பாகம் என்றே தெரியாமல் வாங்கும்போது அந்தப் பலத்தை நாமே கைவிடுகிறோம். பொருத்தம் பார்த்துச் சொல்லும் இணையதளங்களும் சாக்கெட், ரேம் வகை, வாட் கணக்கு போன்றவற்றை நன்றாகச் சரிபார்க்கும், பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அவற்றுக்குள் நுழைய மாடல் எண் வேண்டும். மட்டமான எஸ்எம்பிஎஸ்-ஐயும் ‘பொருந்துகிறது’ என்றுதான் அவை பச்சைக்குறி காட்டும்.

‘லோக்கல் எஸ்எம்பிஎஸ் போட்டு எட்டு வருஷமாக ஓடுகிறதே’ என்ற பதிலும் அடிக்கடி வரும். அது பொய்யல்ல. டைப்பிங், இணையம், கணக்கு மென்பொருள் என்று ஓடும், தனி கார்டு இல்லாத கணினி பெரும்பாலான நேரம் நூறு வாட்டைக்கூடத் தொடுவதில்லை. அங்கே மலிவான எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பதில் வியப்பில்லை. அந்த அனுபவத்தை நம்பி அதே பொருளை கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் போடும்போதுதான் கணக்குத் தப்புகிறது. செலவைப் பொறுத்தவரை, நல்ல எஸ்எம்பிஎஸ்-க்குக் கூடுதலாகும் சில ஆயிரங்களை பிராசசரில் ஒரு படி இறங்கியோ, வண்ண விளக்கு போட்ட ஃபேன்களை விட்டோ ஈடுகட்டிவிடலாம். பிராசசரையும் கார்டையும் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். ஏழு, பத்து ஆண்டு வாரண்டியோடு வரும் எஸ்எம்பிஎஸ் அடுத்த கணினிக்கும் கூடவே வரும்.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லாபம் மெலிது. இன்று எழுதிக் கொடுத்த மாடல் நாளை ஸ்டாக்கில் இருக்காது. 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை ஏறியபோது, காலையில் சொன்ன விலையை மாலையில் காப்பாற்றுவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது. மாடல் எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் அந்தச் சீட்டோடு இணையத்தில் விலை தேடிப் போய்விடுவார் என்ற பயமும் உண்டு. ஸ்டாக் சிக்கலுக்கு வழி எளிது: ஒரு மாடலோடு அதற்கு ஈடான இன்னொன்றையும் எழுதி, அதுவும் இல்லாவிட்டால் கேட்டுவிட்டு மாற்றுவோம் என்று குறிப்பிடலாம். விலை இரண்டு நாளுக்குத்தான் செல்லும் என்றும் எழுதலாம். வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயத்துக்கு என் பதில், அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதே. மாடல் இல்லாத சீட்டுகளின் போட்டியில் தரமான பொருளை வைக்கும் கடைக்காரர்தான் முதலில் தோற்கிறார். நான்காயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ் வைத்தவரின் மொத்தம், ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வைத்தவரின் மொத்தத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். ஏன் கூடுதல் என்பது சீட்டில் தெரியாது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு மாடல் எண் ஒரு விளம்பரம்.

கொட்டேஷனில் எழுதியது பில்லிலும் வர வேண்டும். அங்கே வரிசை எண்ணும் சேர வேண்டும். அசெம்பிள்ட் கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பெட்டியில் வரும் இன்டெல் பிராசசருக்கு நிறுவனம் மூன்று ஆண்டு தருகிறது. பெட்டியில்லாமல் தட்டில் வரும் பிராசசருக்குப் பெரும்பாலும் விற்றவரின் வாரண்டி மட்டும். ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி குறையும்’ என்ற பேச்சில் விழுந்தவர், மூன்றாம் ஆண்டில் சர்வீஸ் சென்டரின் முன் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். தனி வாங்குநர்களைவிட இதில் அதிகம் செய்யக்கூடியவை கல்லூரிகளும் பள்ளிகளும் அலுவலகங்களும்தான். அவர்களின் டெண்டர்களிலும் அதே ‘ஐ5, 16 ஜிபி, 512 ஜிபி’ என்ற வரிகளே இருந்து, விலை குறைந்தவருக்கே ஆணை போனால், ஒரு ஆய்வகத்தின் அறுபது கணினிகளிலும் ஒரே பலவீனமான எஸ்எம்பிஎஸ் வந்து உட்காரும். குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரை டெண்டரில் போட முடியாது என்பது சரியான விதி. ஆனால் 12 வோல்ட் இணைப்பில் இத்தனை ஆம்பியர், இத்தனை ஆண்டு வாரண்டி என்று கேட்கலாம். டெண்டர் போடுபவர் தான் தரப்போகும் ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கோரலாம். பொருள் வந்து இறங்கும் நாளில் நான்கைந்து கேபினெட்டுகளைத் திறந்து அந்தப் பட்டியலோடு ஒப்பிடலாம். இதற்கு அரசாணையோ சட்டத் திருத்தமோ தேவையில்லை. டெண்டர் படிவத்தில் கூடுதலாக ஒரு பத்தியும், திறந்து பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும்.